வாங்கிய உழவு இயந்திரம் யாருடையது?

முதல் மழை விழுந்து நிலம் பதமாகியிருக்கும் நாளில் உழவு இயந்திரம் பழுதாகி நின்றால் என்ன நடக்கும் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அயலில் ஸ்பானர் வாங்கி, விஷயம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, டீசல் குழாயைக் கழற்றி ஊதி, பொழுதுபடுவதற்குள் எப்படியாவது ஓடவைத்துவிடுவோம். உதிரிப்பாகம் கிடைக்காவிட்டால் பழைய இயந்திரம் ஒன்றிலிருந்து கழற்றிப் பொருத்துவோம். காணியையும் வீட்டையும் விட்டு வந்த பலர் தம்மோடு கொண்டுவந்த சொத்து இந்தக் கைவேலை ஒன்றுதான்.

ஐக்கிய அமெரிக்காவிலே பல இலட்சம் டொலர் கொடுத்துப் புதிய உழவு இயந்திரமோ அறுவடை இயந்திரமோ வாங்கிய விவசாயிகள் பலரால் இதைச் செய்ய முடியாமற் போயிற்று. அவர்களுக்கு வேலை தெரியாமல் இல்லை. ஸ்பானரும் இல்லாமல் இல்லை. இயந்திரத்துக்குள்ளே ஒரு பூட்டு இருந்தது. அதன் திறப்பு இயந்திரத்தை விற்ற கம்பனியிடமும் அதன் முகவர்களிடமும் இருந்தது.

"அது பணக்கார நாட்டுச் சங்கதி, எமக்கென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் புதிய இயந்திரங்கள் ஒருநாள் எமது வயல்களுக்கும் வரும். அவற்றைப் பற்றிய புகழ்ச்சிச் செய்திகளோ இயந்திரத்துக்கு முன்னரே வந்துவிடுகின்றன. அச்செய்திகளை எவ்வாறு வாசிப்பது என்பதே இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பாடம்.

பூட்டு எங்கே இருக்கிறது?

ஜோன் டியர் என்பவர் ஒரு கொல்லர். 1837ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்திலே, ஒட்டும் கரிய மண்ணிலும் இலகுவாக இழுபடக்கூடிய உருக்குக் கலப்பையொன்றை அவர் செய்தார். அந்தக் கொல்லர் பட்டறையிலிருந்து வளர்ந்த கம்பனியே இன்று உலகின் மிகப் பெரிய விவசாய இயந்திரக் கம்பனிகளுள் ஒன்றாக விளங்குகிறது.

அக்கம்பனியின் புதிய இயந்திரங்களில் எஞ்சின், கியர், எண்ணெய் அழுத்தம், புகைக் கட்டுப்பாடு ஆகிய எல்லாவற்றையும் சிறு கணனிகள் கண்காணிக்கின்றன. ஓர் உணர்கருவி கோளாறு காட்டினால் திரையில் ஒரு குறியீட்டு எண் தோன்றும். சில வேளைகளில் இயந்திரம் தானாகவே வேகத்தைக் குறைத்து ஊரத் தொடங்கும். சில வேளைகளில் நின்றேவிடும். அந்த எண்ணின் முழு விளக்கத்தையும் அறிந்து கோளாறைத் தீர்ப்பதற்குக் கம்பனியின் தனி மென்பொருள் வேண்டும். சில பாகங்களைப் புதிதாகப் பொருத்தினாலும், அம்மென்பொருள் மூலம் அவற்றைக் கணனிக்கு அறிமுகம் செய்துவைத்தால்தான் அவை வேலை செய்யும். முழு ஆற்றலும் கொண்ட மென்பொருள் முகவர்களுக்கே வழங்கப்பட்டது. விவசாயிக்கு விற்கப்பட்டது குறைந்த ஆற்றல் கொண்ட வேறொன்று.

ஆகவே, வயலில் அரை மணித்தியாலத்தில் முடியக்கூடிய வேலைக்கும் முகவர் அனுப்பும் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறுவடைக் காலத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆள் தேவைப்படும். தானியம் அதுவரை காத்திராது.

லீசிங்கில் வாகனம் எடுத்தவர்கள் எம்மிடையே பலர் உள்ளனர். தவணை முடியும்வரை வாகனம் முழுமையாக எமதல்ல என்பதை நாம் அறிவோம். ஆனால் கடைசித் தவணையோடு அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். நாம் இங்கு பேசும் பூட்டு அத்தகையதல்ல. முழுப் பணத்தையும் செலுத்திய பின்னரும், இயந்திரம் பழையதாகும்வரை அது அப்படியே இருக்கும்.

சட்டம் யார் பக்கம் நின்றது?

1998ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு பதிப்புரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. திரைப்படங்களையும் பாடல்களையும் திருட்டுத்தனமாகப் பிரதி செய்வதைத் தடுப்பது அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. அதன்படி மென்பொருளுக்குப் போடப்பட்ட பூட்டை உடைப்பது குற்றமாகும். உழவு இயந்திரத்துக்குள்ளும் மென்பொருள் புகுந்தபோது, படத்துக்காக எழுதப்பட்ட சட்டம் வயலுக்கும் வந்து சேர்ந்தது.

இதற்கு விலக்குக் கேட்டு விவசாயிகள் தரப்பில் முறையீடு செய்யப்பட்டபோது, 2015இல் ஜோன் டியர் கம்பனி எழுத்துமூலம் எதிர்த்தது. இரும்பும் சில்லும் வாங்கியவருக்குச் சொந்தம். உள்ளிருக்கும் மென்பொருளோ கம்பனிக்குச் சொந்தம். வாங்கியவருக்கு இயந்திரம் உள்ளவரை அதனை இயக்கும் அனுமதி மட்டுமே உண்டு என்பது அதன் வாதத்தின் சாரம்.

அதே ஆண்டில், தனது இயந்திரத்தைத் திருத்துவதற்காக விவசாயி பூட்டை உடைக்கலாம் என்று காங்கிரஸ் நூலகம் விலக்கு அளித்தது. செய்தித்தாள்கள் இதனை விவசாயிகளின் வெற்றி என எழுதின. ஆனால் பூட்டை உடைக்கும் கருவியைச் செய்து விற்பது தொடர்ந்தும் தடைசெய்யப்பட்டே இருந்தது. கம்பனி தனது திறப்பைத் தரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கணனி நுட்பம் தெரியாத விவசாயிக்கு அந்த உரிமையால் என்ன பயன்? 2017இல் வெளியான செய்திகளின்படி, சில அமெரிக்க விவசாயிகள் உக்ரேனிலிருந்து இணையம் வழியாகக் கள்ளத்தனமாக வந்த மென்பொருளை வாங்கித் தமது இயந்திரங்களைத் திருத்தினர்.

வாக்குறுதியும் சட்டமும்

திருத்தும் உரிமைக்கான சட்டங்கள் பல மாநிலங்களில் முன்மொழியப்பட்டன. அப்போது, 2018இல், இயந்திர உற்பத்தியாளர் சங்கமும் முகவர் சங்கமும் ஒரு வாக்குறுதி அளித்தன. 2021ஆம் ஆண்டு முதல் திருத்த வேலைக்கான நூல்களும் பழுது அறியும் கருவிகளும் விவசாயிகளுக்குக் கிடைக்கும் என்பதே அது. கலிபோர்னியாவின் விவசாயிகள் சங்கமும் இவ்வாறான உடன்படிக்கையில் ஒப்பமிட்டது. சட்டம் வேண்டாம், பிரச்சினை தீர்ந்துவிட்டது என்ற எண்ணம் பரவியது.

2021 பிறந்தது. நுகர்வோர் அமைப்பொன்று ஆறு மாநிலங்களில் ஜோன் டியர் முகவர்கள் 12 பேரிடம் தொலைபேசியில் விசாரித்தது. பழுது அறியும் மென்பொருளைத் தாம் விற்பதில்லை என 11 பேர் பதிலளித்தனர்.

2023 ஜனவரியில் ஜோன் டியர் கம்பனியும் நாட்டின் மிகப் பெரிய விவசாயிகள் சங்கமும் மீண்டும் ஓர் உடன்படிக்கை செய்தன. கருவிகளையும் நூல்களையும் நியாயமான நிபந்தனைகளில் வழங்குவதாகக் கம்பனி கூறியது. பதிலுக்கு, திருத்தும் உரிமைச் சட்டங்களை ஆதரிக்காதிருக்கச் சங்கம் இணங்கியது. இங்கே வாசகர்கள் சற்று நின்று யோசிக்கவேண்டும். ஒரு தரப்பு கொடுத்தது வாக்குறுதி. மறு தரப்பு விட்டுக்கொடுத்ததோ சட்டம் கேட்கும் பலத்தை.

இதற்கு மாறாக, அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களைத் திருத்தும் உரிமையைச் சட்டமாக்கியது. அமெரிக்காவில் விவசாய இயந்திரங்களுக்கென இத்தகைய சட்டம் இயற்றிய முதல் மாநிலம் அதுவே. 2024 ஜனவரி 1ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. வாக்குறுதி மீறப்பட்டால் மனவருத்தப்படலாம். சட்டம் மீறப்பட்டால் முறையிடலாம்.

காவல் செய்பவர் எங்கே?

கம்பனிகளின் நடத்தையைக் கண்காணிக்க அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணைக்குழு உள்ளது. 2021 ஜூலையில் ஜனாதிபதி ஜோ பைடன் பிறப்பித்த கட்டளையொன்று விவசாயிகளின் திருத்த வேலைப் பிரச்சினையையும் கவனிக்குமாறு அதனைக் கேட்டது. ஆணைக்குழு நீதிமன்றத்துக்குச் சென்றதோ 2025 ஜனவரி 15ஆம் திகதி. இலினோய், மின்னசோட்டா ஆகிய மாநிலங்களும் உடன் சேர்ந்தன. திருத்த வேலையைத் தன் முகவர்களின் கைக்குள் வைத்திருப்பதன் மூலம் கம்பனி போட்டியை நசுக்குகிறது என்பது குற்றச்சாட்டு. கம்பனி அதனை மறுத்தது. வழக்குத் தொடுக்கும் முடிவு ஆணைக்குழுவில் 3க்கு 2 என்ற வாக்குகளாலேயே எடுக்கப்பட்டது. ஐந்து நாட்களில் நாட்டின் ஆட்சியும் மாறியது. ஆயினும் வழக்கு கைவிடப்படவில்லை. அதை விசாரணையின்றியே முடித்துவைக்கும்படி கம்பனி விடுத்த கோரிக்கையை 2025 ஜூனில் நீதிபதி ஏற்கவில்லை.

ஆக, கண்காணிப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அது மெதுவாக நடக்கிறது. ஒரு வாக்கு வித்தியாசத்தில் தங்கியிருந்தது. 2015இல் முறையிட்டவர் 2025வரை பத்து அறுவடைகளைக் கடந்திருப்பார்.

கம்பனி தரப்பின் நியாயத்தையும் நாம் கேட்கவேண்டும். எவரும் மென்பொருளில் கைவைக்கலாம் என்றால் புகைக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுவார்கள், எஞ்சினின் வலுவை அளவுக்கு மீறி உயர்த்துவார்கள், விபத்து நேரும் என்று உற்பத்தியாளர்கள் கூறினர். இது முற்றிலும் வெறும் பேச்சல்ல. அப்படிச் செய்வோரும் உண்டு. ஆனால் சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிலையம் 2023 ஆகஸ்டில் எழுதிய கடிதமொன்றில், வளி மாசடைதலைத் தடுக்கும் சட்டம் விவசாயி தன் இயந்திரத்தைத் திருத்துவதற்குத் தடையாக இல்லை எனத் தெளிவுபடுத்தியது. திருத்துவது வேறு, கெடுப்பது வேறு. ஒருவர் கெடுப்பார் என்பதற்காக எல்லோருடைய கையையும் கட்டிவைப்பது நியாயமாகாது.

மகிழ்ச்சியாக வாசித்த ஒரு செய்தி

2022 மே மாதத்தில் ஒரு செய்தி உலகமெங்கும் பரவியது. உக்ரேனின் மெலிற்றோபோல் நகரைக் கைப்பற்றிய ரஷ்யப் படையினர், அங்கிருந்த முகவர் நிலையமொன்றிலிருந்து 27 ஜோன் டியர் இயந்திரங்களை எடுத்துச் சென்றனர் எனவும், அவற்றுள் சில செச்சினியா வரை கொண்டுசெல்லப்பட்டன எனவும், ஆனால் தொலைவிலிருந்தே அவை பூட்டப்பட்டுவிட்டதால் இயக்க முடியாமற் போயிற்று எனவும் செய்தி கூறியது.

படித்தவர்கள் மகிழ்ந்தனர். விட்டு வந்த இயந்திரம் மற்றவர் கைக்குப் போன வேதனையை அறிந்த எமது வாசகர்களுக்கும் அந்த மகிழ்ச்சி விளங்கும். நாமும் மகிழ்ந்தோம். பின்னர் இரண்டாம் முறை வாசித்தபோது ஒரு கேள்வி எழுந்தது. திருடனுடைய கையிலுள்ள இயந்திரத்தை நிறுத்தக்கூடிய அதே பூட்டு, உரிமையாளனுடைய கையிலுள்ள இயந்திரத்தையும் நிறுத்துமல்லவா? யார் திருடன், யார் உரிமையாளன் என்று தீர்மானிப்பவர் யார்? தவணை ஒரு மாதம் தவறினால்? அரசாங்கம் ஒரு பகுதியில் இயந்திரங்களை நிறுத்தச் சொன்னால்? கதை எமக்குப் பிடித்திருக்கும்போதுதான் நாம் கேள்வி கேட்க மறக்கிறோம்.

எமக்கான பாடம்

எமது வயல்களில் ஓடும் பழைய மெசி பேர்கசனிலும் லான்ட்மாஸ்டரிலும் இந்தப் பூட்டு இல்லை. அவற்றை இகழ வேண்டாம். அதே வேளையில் புதியது எல்லாமே கேடு என்பதும் எமது கருத்தல்ல. செய்தி வாசிக்கும்போது சொல்லின் முடிவைக் கவனிப்போம். "வழங்கப்படும்" என்று எழுதியிருக்கிறதா, "வழங்கப்பட்டுள்ளது" என்று எழுதியிருக்கிறதா? அச்செய்தியைச் சொல்பவர் விற்பவரா, பாவித்தவரா? ஓர் இயந்திரத்தைச் சங்கமாகவோ குடும்பமாகவோ வாங்கும்போதும், உதவி நிறுவனமொன்று இலவசமாகத் தரும்போதும் பின்வருவனவற்றைக் கேட்டறிவோம்:

1. திருத்த வேலைக்கான நூல் இயந்திரத்தோடு தரப்படுமா? எமக்கு விளங்கும் மொழியில் இருக்கிறதா?

2. உதிரிப்பாகங்கள் முகவரிடம் மட்டுமா, சாதாரண கடைகளிலும் கிடைக்குமா? மிகக் கிட்டிய இடம் எது?

3. கணனிக் கட்டுப்பாடு இருந்தால், பழுது அறியும் கருவியை எமது கராஜ்காரர் வாங்க முடியுமா?

4. தொலைவிலிருந்து இயந்திரத்தை நிறுத்த முடியுமா? முடியுமானால் யாரால், எந்தக் காரணங்களுக்காக?

5. வாயால் சொன்னவை எழுத்தில் உள்ளனவா? பற்றுச்சீட்டும் உத்தரவாதப் பத்திரமும் பத்திரமாக இருக்கின்றனவா?

இலவசமாகத் தருபவரிடம் கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் என எண்ணிக் கூச வேண்டாம். ஒரு சிறு பாகம் கிடைக்காமல் மரத்தின் கீழ் துருப்பிடித்து நிற்கும் இயந்திரத்தால் கொடுத்தவருக்கும் பயனில்லை, பெற்றவருக்கும் பயனில்லை. ஊர் மாறி வந்து இரவல் காணியில் பயிர்செய்யும் குடும்பம் ஒரு போகத்தை இழந்தால், அதை ஈடுசெய்ய வேறு வழி இருப்பதில்லை. ஆகவே கேட்கவேண்டியதை வாங்குவதற்கு முன்பே கேட்போம்.

கலந்துரையாடலுக்கு

1. எமது சங்கத்திலுள்ள இயந்திரங்களில், நாமே திருத்தக்கூடியவை எவை? வெளியாரை எதிர்பார்க்க வேண்டியவை எவை? பட்டியலிடுக.

2. 2023இல் அமெரிக்க விவசாயிகள் சங்கம் செய்த உடன்படிக்கையை நாம் செய்திருப்போமா? செய்திருந்தால் எந்த நிபந்தனைகளைச் சேர்த்திருப்போம்?

3. எமக்கு அளிக்கப்பட்டு நிறைவேறாத வாக்குறுதி ஒன்றை நினைவுகூர்க. அது எழுத்தில் இருந்ததா? எவரிடமாவது முறையிட வழி இருந்ததா?

4. எம்மிடையே இயந்திரம் திருத்தத் தெரிந்தவர்கள் யார்? அவர்களிடம் இளையோர் வேலை பழகுவதற்கு இம்மாதம் நாம் செய்யக்கூடிய ஏற்பாடு என்ன?