சளி மாத்திரையும் சூரணமும் சேரலாமா?

"மூலிகைதானே டாக்டர், அது என்ன செய்யப் போகுது?" என்று பலரும் சாதாரணமாகக் கேட்கிறார்கள். தூக்கத்துக்காகக் கொடுக்கும் மூலிகை, தூக்கத்தைத்தானே தரும்? ஏற்கெனவே கண்ணைச் சொக்க வைக்கும் மாத்திரை வயிற்றில் இருந்தால், இரண்டும் கூடிக்கொள்ளும்.

மாத்திரை ஏன் தூக்கம் தருகிறது?

தும்மல், மூக்கு ஒழுகல், அரிப்பு இவற்றைக் கிளப்பிவிடுவது ஹிஸ்டமின். அதே ஹிஸ்டமின்தான் மூளையில் நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. அவில், குளோர்பெனிரமின், ப்ரோமெதசின் போன்ற பழைய ரக மாத்திரைகள் மூளைக்குள்ளும் புகுந்து அதன் வேலையைத் தடுக்கின்றன. தும்மல் நிற்கும், கண்ணும் செருகும். இரவு போட்ட மாத்திரையின் மந்தம் மறுநாள் காலையிலும் இருக்கலாம். செட்டிரிசினில் இது குறைவு, ஆனால் அறவே இல்லை என்று நினைக்காதீர்கள்.

எந்த மூலிகைகளில் கவனம்?

அமுக்கரா, சடாமாஞ்சில், ஜாதிக்காய் ஆகியவற்றை மருந்து அளவில் சாப்பிடும்போது கவனம் தேவை. குருமாவில் சேரும் துளி ஜாதிக்காய்க்குப் பயப்பட வேண்டாம். ஊமத்தை விஷயம் வேறு. வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு ஆகியவை ஊமத்தையாலும் வரும், இந்த மாத்திரைகளாலும் வரும். ப்ராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்கள் படாதபாடு படுவார்கள். ஊமத்தையைக் கைமருந்தாகத் தொடவே தொடாதீர்கள்.

மதுவும் அரிஷ்டமும்

மதுவோடு இம்மாத்திரை கூடவே கூடாது. "கொஞ்சம்தான் சாப்பிட்டேன்" என்று வண்டி எடுப்பவர் தன் நிதானம் தவறியதைத் தானே உணர மாட்டார். ஆயுர்வேத அரிஷ்டங்கள் புளிக்க வைத்துச் செய்யப்படுபவை. அவற்றிலும் ஆல்கஹால் உண்டு. சொன்ன அளவில் அது சொற்பம்தான். ஆனால் பாட்டிலைச் சாய்த்துக் குடிக்கும் பழக்கம் ஆபத்து.

என்ன செய்யலாம்?

* சாப்பிடும் எல்லா மருந்தையும் உங்கள் டாக்டரிடமும் வைத்தியரிடமும் சொல்லுங்கள்.
* மாத்திரை போடும் நாட்களில் தூக்க மூலிகைகளை நிறுத்தி வைக்கலாமா என்று கேளுங்கள்.
* மாத்திரை போட்டபின் வண்டி ஓட்டாதீர்கள். வயதானவர்கள் இரவில் எழுந்தால் தடுமாறி விழக்கூடும், துணை வேண்டும்.
* குழந்தைக்கு நீங்களாகச் சளி சிரப் வாங்கிக் கொடுக்காதீர்கள். குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் சேர்ந்த சிரப் 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் எச்சரித்திருக்கிறது.

தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது என்றால், "தூங்கட்டும், தெளிஞ்சிடும்" என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மாத்திரை அட்டையையும் மருந்து பாட்டிலையும் மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.