ஸ்பிரிங்கில் இருந்த 750: சைக்கிள் சஸ்பென்ஷனை ஒப்பிட ஒரு கால்க் பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "ஸ்ப்ரெட்ஷீட் எதற்குப் பயன்படும்?" என்று கேட்டால் "வீட்டு வரவு செலவு எழுத" என்று சொல்வார்கள். எழுதலாம், தவறில்லை. ஆனால் ஒரு பொருளை வாங்கும் முன் கணக்குப் போட்டுப் பார்க்கவும் அது உதவும். நான் அதைக் காலம் கடந்து கற்றுக்கொண்டேன். அந்தக் கதையோடு சேர்த்தே இந்த மாதப் பாடத்தைப் பார்ப்போம்.

மூன்று வருடங்களுக்கு முன் என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போனபோது, மதுரையில் ஒரு கடையில் அவளுக்கு சைக்கிள் வாங்கினேன். முன்னால் போர்க்கில் ஸ்பிரிங், பின்னால் சீட்டுக்குக் கீழே சிவப்பு நிறத்தில் பெரிய ஸ்பிரிங். "டபுள் சஸ்பென்ஷன் சார்" என்றார் கடைக்காரர். நான் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்பிரிங் நன்றாக அமுங்கி எழும்பியது. பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

நாங்கள் இருப்பது நாகமலை புதுக்கோட்டைப் பக்கம். பள்ளிக்கூடம் ஐந்து கிலோமீட்டர். இரண்டு மாதத்தில் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்விட்டது. "கனமா இருக்குப்பா, எல்லோரும் முன்னாடி போயிடுறாங்க" என்றாள். சோம்பேறித்தனம் என்று திட்டினேன்.

இந்த ஆண்டு மகனுக்கு சைக்கிள் வாங்க வேண்டிய நேரம் வந்தது. இப்போது வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. இந்த முறை கணக்குப் போட்டுவிட்டுக் கடைக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன்.

பின் சஸ்பென்ஷன் வகைகள்

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். பின் சக்கரம் மேடு பள்ளத்தில் மேலும் கீழும் நகர, பிரேமின் பின்பகுதி எங்காவது மடங்க வேண்டும். மடங்கும் இடத்துக்கு பிவட் என்று பெயர். கதவுக் கீல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிவட்டுகள் எத்தனை, எங்கே இருக்கின்றன என்பதை வைத்துத்தான் வகைகள் பிரிகின்றன.

1. ஒற்றை பிவட்: பெடல் அச்சுக்கு அருகே ஒரே பிவட். சக்கரம் அதைச் சுற்றி வட்ட வில்லில் நகரும். உறுப்புகள் குறைவு, பராமரிப்பு எளிது. பிரேக் பிடிக்கும்போது அந்த விசை பின்பகுதியின் அசைவைப் பாதிக்கும் என்பது குறை.

2. லிங்க் சேர்த்த ஒற்றை பிவட்: பார்வைக்கு நான்கு மூட்டுகள் தெரியும். ஆனால் பின்மூட்டு, சீட்டிலிருந்து இறங்கும் குழாயில், சக்கர அச்சுக்கு மேலே இருக்கும். எனவே சக்கரம் நகரும் பாதை முதல் வகையைப் போல வில்தான். ஷாக் அப்சார்பரை அமுக்கும் விதத்தை மட்டும் லிங்க் மாற்றுகிறது.

3. ஹார்ஸ்ட் லிங்க்: பின்மூட்டு, செயின் ஓரமாகப் போகும் குழாயில், சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கும். ஹார்ஸ்ட் லைட்னர் என்பவர் வடிவமைத்தது. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் இதை எஃப்எஸ்ஆர் என்ற பெயரில் விற்றது; 1998ல் இதன் காப்புரிமையையும் வாங்கியது. பிரேக் விசை சஸ்பென்ஷனை அதிகம் தொந்தரவு செய்யாது.

4. இரட்டைக் குட்டி லிங்க்: பின் முக்கோணம் முழுவதும் இரண்டு சிறிய லிங்குகளில் தொங்கும். சான்டா குரூஸ் பயன்படுத்தும் விபிபி, டேவ் வீகிள் உருவாக்கிய டிடபிள்யூ லிங்க் ஆகியவை இந்த வகை. பெடல் மிதிக்கும்போது செயின் இழுக்கும் விசையையே பயன்படுத்தி, சைக்கிள் அமுங்குவதைக் குறைக்கிறார்கள். பேரிங்குகள் அதிகம், விலையும் அதிகம்.

இரண்டாம் வகையையும் மூன்றாம் வகையையும் கடையில் பிரித்தறிய ஒரு சுலபமான வழி உண்டு. பின்மூட்டு சக்கர அச்சுக்கு மேலே சீட் குழாயிலா, முன்னால் செயின் குழாயிலா என்று பாருங்கள். அவ்வளவுதான்.

சிறுவர்களுக்கான விலை குறைந்த சைக்கிள்களில் பெரும்பாலும் முதல் வகையே வருகிறது. நான் வாங்கியதும் அதுதான். ஒற்றை பிவட்டில் நல்ல மலை சைக்கிள்களும் உண்டு என்பதால் வகையை மட்டும் வைத்துக் குறை சொல்ல முடியாது. ஸ்பிரிங் யாருடைய எடைக்கு என்பதையும் பார்க்க வேண்டும். அதற்குத்தான் கணக்கு.

கால்க் திறக்கலாம்

லிப்ரே ஆபீஸ் இலவசம். அதிலுள்ள கால்க் புரோகிராமைத் திறங்கள். எக்ஸெல் வைத்திருப்பவர்களும் இதே முறையைப் பின்பற்றலாம்.

ஏ நெடுவரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். பி நெடுவரிசை எனக்கு, சி நெடுவரிசை மகளுக்கு. முதல் வரிசையில் பெயர்களைக் கொடுத்துவிட்டு இரண்டாம் வரிசையிலிருந்து தொடங்குங்கள்.

வரிசை 2: ஓட்டுபவர் எடை. பி2ல் 70, சி2ல் 35 (சைக்கிள் வாங்கிய வருடம் அவள் எடை).

வரிசை 3: பின் சக்கரத்தில் விழும் எடை. உட்கார்ந்து ஓட்டும்போது ஏறக்குறைய 60 சதவீதம். பி3ல் = என்று டைப் செய்து, மவுஸால் பி2 செல்லைக் கிளிக் செய்து, *0.6 என்று அடித்து என்டர் தட்டுங்கள். 42 வரும்.

வரிசை 4: பிவட்டிலிருந்து பின் சக்கர அச்சு வரை உள்ள தூரம். டேப் வைத்து அளந்தேன், 420 மி.மீ.

வரிசை 5: பிவட்டிலிருந்து ஷாக் அப்சார்பரின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தான தூரம். ஷாக்கின் இரு முனைகளையும் ஒட்டி ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் சுலபம். 200 மி.மீ.

வரிசை 6: நெம்புகோல் விகிதம். = போட்டு, பி4ஐக் கிளிக் செய்து, / அடித்து, பி5ஐக் கிளிக் செய்து என்டர். 2.1 வரும். சக்கரத்தில் விழும் எடை ஷாக்கில் 2.1 மடங்காக இறங்குகிறது என்று பொருள்.

வரிசை 7: ஷாக்கின் மேல் விழும் எடை. பி3 * பி6. விடை 88.2 கிலோ.

வரிசை 8: ஸ்பிரிங்கில் அச்சிட்டிருக்கும் எண். என் சைக்கிளில் 750. ஓர் அங்குலம் அமுக்க 750 பவுண்ட் எடை வேண்டும் என்பதுதான் இதற்கு அர்த்தம்.

வரிசை 9: அதைக் கிலோ, மில்லிமீட்டர் கணக்குக்கு மாற்ற 56ஆல் வகுக்க வேண்டும். பி8/56. விடை 13.39. அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுங்க 13.39 கிலோ.

வரிசை 10: ஆள் உட்கார்ந்தால் ஷாக் அமுங்கும் அளவு. பி7/பி9. விடை 6.59 மி.மீ.

வரிசை 11: ஷாக் மொத்தம் அமுங்கக்கூடிய தூரம். இங்கே 30 மி.மீ.

வரிசை 12: சதவீதம். பி10/பி11*100. விடை ஏறக்குறைய 22.

இப்போது பார்முலா உள்ள செல்களை மட்டும் சி நெடுவரிசைக்குக் காப்பி செய்யுங்கள். செல்லின் கீழ் வலது மூலையில் உள்ள சிறு சதுரத்தை வலப்பக்கம் இழுத்தால் போதும். பி2 என்று இருந்தது தானாகவே சி2 என்று மாறிக்கொள்ளும். ஸ்ப்ரெட்ஷீட்டின் பெரிய வசதியே இதுதான். எண்கள் மட்டும் உள்ள செல்களை இப்படி இழுக்காதீர்கள். கால்க் அதைத் தொடர் வரிசை என்று நினைத்து 420ஐ 421 ஆக்கிவிடும். அவற்றை மறுபடி டைப் செய்யுங்கள்.

விடை என்ன சொன்னது?

மலை சைக்கிள்களில் ஆள் உட்கார்ந்ததும் ஷாக் அதன் மொத்த தூரத்தில் 25 முதல் 30 சதவீதம் வரை அமுங்கும்படி வைப்பது வழக்கம். இதை சாக் என்பார்கள். எனக்கு 22 வந்தது. சுமார்தான், ஆனாலும் வேலை செய்யும். சி12ஐப் பார்த்தேன். 11! அவள் உட்கார்ந்தால் ஷாக் அமுங்குவது 3.3 மி.மீ. மட்டுமே. ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைத்திருந்தால் அதுவும் இருக்காது.

ஆக, நான் கடையில் உட்கார்ந்து சோதித்தது என் எடைக்கு. ஓட்ட வேண்டியவளுக்கு அந்த ஸ்பிரிங் வெறும் இரும்புச் சுமை. எடை மிஷினில் தூக்கி வைத்துப் பார்த்தேன், சைக்கிள் 18 கிலோ. அவள் எடையில் பாதிக்கு மேல்.

சி8ல் 750ஐ அழித்துவிட்டு 275 என்று போட்டுப் பாருங்கள். சி12 உடனே 30க்கு வந்துவிடும். அவளுக்குத் தேவைப்பட்ட ஸ்பிரிங் அது. ஓர் எண்ணை மாற்றினால் மற்ற எல்லாம் தானாக மாறும் என்பதை இங்கே நேரில் பார்க்கலாம்.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பவே சொன்னேன்லப்பா" என்றாள். என்னிடம் பதில் இல்லை. மூன்று வருடம் தாமதமாக மன்னிப்புக் கேட்டேன்.

மற்ற வகைகளுக்கு

டேப்பில் அளக்கும் இந்த முறை ஒற்றை பிவட்டுக்கு மட்டுமே பொருந்தும், அதுவும் சுமாரான கணக்குதான். மற்ற மூன்று வகைகளிலும் விகிதம் சக்கரம் நகர நகர மாறிக்கொண்டே இருக்கும். அவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் இரண்டு எண்களை எடுங்கள். சக்கரம் நகரும் தூரம் 140 மி.மீ., ஷாக் அமுங்கும் தூரம் 55 மி.மீ. என்றால் 140/55 = 2.55. இதுதான் சராசரி விகிதம். வரிசை 6ல் இதைப் போட்டு, வரிசை 11ல் 55 என்று மாற்றினால் மீதி அப்படியே நடக்கும்.

நம் ஊருக்கு எது?

மதுரையைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் சமவெளி. கண்மாய்க்கரை, செம்மண் பாதை, அங்கங்கே குழி விழுந்த தார் ரோடு. கூடவே சீமைக் கருவேல முள். புழுதி பேரிங்குகளுக்கு ஆகாது, எனவே பிவட் கூடக்கூட சர்வீஸ் செலவும் கூடும். கொடைக்கானல் மலைப்பாதையில் கல்லும் வேரும் தாண்டி இறங்குபவர்களுக்கு மூன்றாம், நான்காம் வகைகள் பயன்படும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு, அதே பணத்தில் பின் ஸ்பிரிங் இல்லாத, எடை குறைந்த, சற்று அகலமான டயர் உள்ள சைக்கிளே மேல். மகனுக்கு அப்படித்தான் வாங்கினோம். கடையில் இந்த முறை அவனையே உட்கார வைத்தேன்.

பைல் மெனுவில் சேவ் ஏஸ் கொடுத்து இந்த ஷீட்டை ஒரு பெயரில் சேமித்து வையுங்கள். வீட்டில் பின் ஸ்பிரிங் உள்ள சைக்கிள் இருந்தால் இன்றே அதன் எண்ணைப் படித்து, ஓட்டும் பிள்ளையின் எடையைப் போட்டுப் பாருங்கள். டேப், நூல், எடை மிஷின் போதும். மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.