வான்வழிக் கனிம ஆய்வும் முதலீடும்

மும்பையில் தேவ்நாரை அடுத்துள்ள டிராம்பேயில் 1959-ஆம் ஆண்டு யுரேனிய உலோகத் தயாரிப்பு தொடங்கியது. யுரேனியத் தாதுவைத் தேடும் பணியில் 1950-களிலேயே விமானங்கள் ஈடுபடுத்தப்பட்டன. நிலத்திலிருந்து எழும் காமா கதிர்களை அவற்றிலிருந்த கருவிகள் அளந்தன.

பரந்த நிலப்பரப்பைக் குறுகிய காலத்தில் ஆராயலாம் என்பதே இம்முறையின் சிறப்பு. ஆயினும், இக்கதிர்களுள் பெரும்பாலானவை மேற்பரப்பின் அரை மீட்டர் ஆழத்திற்குள்ளிருந்தே வருபவை. ஆழத்தில் புதைந்துள்ள தாது புலப்படாது. சாதாரணக் கருங்கல் பாறையும் மிகுதியான கதிர்வீச்சைக் காட்டக்கூடும். மின்காந்த ஆய்வின் நிலையும் இதுவே. செம்புத் தாதுவைத் தேடுமிடத்தில் கிராஃபைட்டும் அதே அறிகுறியைத் தரும்.

அரசு தேடும்போது பலனளிக்காத துளைகளின் செலவைப் பொதுநிதி ஏற்கிறது. ஆனால், 2021-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, ஜி-4 எனப்படும் முதற்கட்ட ஆய்வு மட்டுமே முடிந்த பகுதிகளையும், தேடுவதற்கும் வெட்டியெடுப்பதற்குமான கூட்டு உரிமத்திற்கு ஏலம் விடலாம். அங்கு இழப்பில் ஒரு பகுதியேனும் ஏலம் எடுத்தவரைச் சாரும்.

வான்வழி ஆய்வு எங்கே தேடலாம் என்று கூறும். எவ்வளவு கிடைக்கும் என்று கூறாது. அதைத் தரைவழி ஆய்வும், துளையிட்டு எடுத்த மாதிரிகளின் பகுப்பாய்வுமே உறுதி செய்யும். முதலீடும் இப்படிகளை ஒட்டியே, கட்டம் கட்டமாகச் செய்யப்படுதல் வேண்டும்.