ஏறும் மீனும் இறங்கும் மீனும்

புதுவைக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் தூண்டிலிடுவோரின் உரையாடல் ஒன்று ஈண்டு ஆராயத்தக்கது. சால்மன் மீன் அருவியை எதிர்த்துத் துள்ளும் தொலைக்காட்சிப் படத்தைப் பற்றி அவர்கள் பேசினர். "நம்ம ஆத்துல அப்படி ஒண்ணும் இல்லையே, அண்ணே" என்றார் இளையவர். "நம்ம மீன் ஏறாது தம்பி, இறங்கும்" என்றார் மூத்தவர். இம்மறுமொழி அறிவியலுக்குப் பெரிதும் ஒத்தது.

சால்மன் நன்னீரிற் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே மீண்டு முட்டையிடுவது. பிறந்த நீரின் மணத்தை நினைவிற்கொண்டே அது வழியறிகிறது என்பதை ஆர்தர் ஹாஸ்லர் என்னும் அமெரிக்க அறிஞர் 1950களில் ஆய்ந்து விளக்கினார். நம் விலாங்கோ இதற்கு நேர்மாறு. ஆழ்கடலிற் பிறந்து, குஞ்சாக ஆற்றுக்குள் புகுந்து, பல்லாண்டு வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கு இறங்கி அங்கேயே மடிகிறது. மடவையும் கொடுவாவும் கடலில் முட்டையிட்டுக் கழிமுகத்தில் வளர்வன. கொடுவா முதலில் ஆணாயிருந்து பின்னர்ப் பெண்ணாவது வியப்பிற்குரியது. 'இந்திய சால்மன்' என ஆங்கிலத்தில் வழங்கும் காலா மீனுக்கும் சால்மனுக்கும் உறவேதுமில்லை, பெயர் மயக்கமே.

இனிய நீரும் உவர்நீரும் சந்தித்தும் இடையே தடுப்பிருப்பதைத் திருக்குர்ஆன் (25:53) சுட்டுகின்றது. அவ்விரு நீரிலும் வாழும் ஆற்றலைப் படைத்தவன் இம்மீன்களுக்கு அருளியுள்ளான்.

இவற்றைப் படங்களில் நாம் அரிதாகவே காண்கிறோம். காரணம் எளிது. அருவியில் துள்ளும் மீனையும் அதைக் கவ்வும் கரடியையும் பகலொளியிற் படம்பிடிக்கலாம்; 2009இல் பி.பி.சி. வெளியிட்ட 'நேச்சர்ஸ் கிரேட் ஈவன்ட்ஸ்' தொடரில் சால்மனுக்கென்றே ஒரு பகுதி உண்டு. விலாங்கு இருளிலும் வெள்ளத்திலும் இறங்கிச் செல்வது. அது முட்டையிடும் இடமோ ஆழ்கடல். அன்றியும், இத்தகைய படங்களில் பல நாள் எடுத்த பல மீன்களின் காட்சிகளை ஒரே மீனின் கதைபோற் கோப்பதுண்டு. ஒலியைப் பின்னர்ச் சேர்ப்பதுமுண்டு. இதைப் பொய்யென்று நாம் தள்ளவில்லை. உமறுப்புலவர் சீறாப்புராண நாட்டுப்படலத்தில் அரபு நாட்டுக்குத் தமிழக ஆற்று வளத்தை ஏற்றிப் பாடவில்லையா? அது காப்பிய மரபென அறிந்தே கற்கிறோம். படத்திற்கும் அத்தகைய மரபு உண்டென்பதை மாணவர் அறிதல் வேண்டும்.

இவ்வேறுபாடு வெறும் சுவைச் செய்தியன்று. சால்மன் ஆறுகளில் அணைகட்டுவோர் பல இடங்களில் மீன் ஏறப் படிவழியும் அமைக்கின்றனர். அம்மீனின் பயணத்தை ஊரறியும். நம் நாட்டிலும் ஏறும் மீன் உண்டு, அது உல்லம். கங்கையில் அலகாபாத் வரை ஏறிவந்த உல்லம், 1975இல் பரக்கா அணை இயங்கத் தொடங்கியபின் அப்பகுதியில் அருகிற்று. வங்காளியரின் விருப்ப உணவாதலின் அவ்விழப்பு உடனே பேசப்பட்டது. சங்கராபரணியின் குறுக்கே படுகை அணைகள் உள்ளன. நிலத்தடி நீருக்கு அவை தேவையே. ஆயினும் மேலேற முயலும் விலாங்குக் குஞ்சு அச்சுவரடியில் நின்றுபோனால், அதைக் காண்பவர் தூண்டிற்காரர் மட்டுமே.