எல்லைக்கோடும் வாக்குரிமையும்: வட கரோலைனாவின் பன்னிரண்டாந் தொகுதி

குடியாட்சி என்றதும் வாக்குச்சீட்டே நம் நினைவிற்கு வருகின்றது. ஆயின், வாக்குச்சீட்டு அச்சேறுவதற்கு முன்னரே தேர்தலின் முடிவு ஒருவாறு அமைந்துவிடுதலும் உண்டு. தேசப்படத்திலே தொகுதியின் எல்லைக்கோட்டினை வரைகின்ற கையே அதனைச் செய்வது. குடியியல் பயிலும் மாணவர் பெரும்பாலும் கருதாது விடும் இவ்வுண்மையை விளக்குதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, வட கரோலைனா மாநிலத்தின் பன்னிரண்டாவது காங்கிரசுத் தொகுதி சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். அதன் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அந்நாட்டு முறையை அறிதல் வேண்டும். அமெரிக்கக் காங்கிரசின் கீழவையாகிய பிரதிநிதிகள் சபையிலே வாக்குரிமையுள்ள உறுப்பினர் 435 பேர். பத்தாண்டுக்கொரு முறை எடுக்கப்படும் குடிசன மதிப்பின்படி அவ்விடங்கள் மாநிலங்களுக்குப் பங்கிடப்படும். தொகுதி ஒன்றிற்கு உறுப்பினர் ஒருவர். ஒரு மாநிலத்துத் தொகுதிகள் யாவும் குடிசனத் தொகையில் இயன்றவரை ஒத்திருத்தல் வேண்டுமென 1964ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் விதித்தது. எல்லை வரையும் அதிகாரமோ பல மாநிலங்களிலே சட்டசபையிடம் உள்ளது. வட கரோலைனாவும் அவற்றுள் ஒன்று. எனவே, தேர்தலிற் போட்டியிடும் கட்சியே களத்தின் எல்லையையும் வகுக்கின்றது.

இதனால் விளைவது யாது? ஒரு சிறு கணக்கினால் இதனைத் தெளியலாம். ஓரூரில் வாக்காளர் 15 பேர். அவருள் 9 பேர் செங்கட்சியினர். 6 பேர் நீலக்கட்சியினர். ஐவர்க்கு ஒன்றாக மூன்று தொகுதிகள் வகுத்தல் வேண்டும். நீலக்கட்சியினரைத் தொகுதிக்கு இருவராகச் சிதறடித்தால் அவர்க்கு ஓரிடமும் இல்லை. ஐவரை ஒரே தொகுதியில் அடைத்து, எஞ்சிய ஒருவரை வேறொன்றில் விட்டால் அவர்க்கு ஓரிடம் உண்டு. ஈரிடங்களில் மும்மூவராக வைத்தாலோ, சிறுபான்மையோராகிய அவர்க்கே இரண்டு இடங்கள் கிடைத்துவிடும். வாக்காளரும் மாறவில்லை, வாக்கும் மாறவில்லை. கோடு மட்டுமே மாறிற்று. 1812ஆம் ஆண்டிலே மாசச்சூசெற்சு ஆளுநர் எல்பிறிட்ச் ஜெறி என்பார் தம் கட்சிக்கு நலந்தரும் தொகுதிப் பிரிப்பொன்றிற்குக் கையொப்பமிட்டார். அவற்றுள் ஒரு தொகுதி சலமாந்தர் என்னும் பல்லி போன்ற உயிரை ஒத்திருந்தமையால், அவர் பெயரையும் அதன் பெயரையும் இணைத்து இத்தகைய சூழ்ச்சிக்கு 'ஜெறிமாண்டர்' என்று பெயரிட்டனர்.

இனி, எமது தொகுதிக்கு வருவாம். அடிமை முறை ஒழிந்தபின் வட கரோலைனாவிலிருந்து கறுப்பினத்தார் சிலர் காங்கிரசிற்குச் சென்றனர். அவருள் இறுதியானவர் ஜோர்ஜ் ஹென்றி வைற். 1900ஆம் ஆண்டிலே அம்மாநிலம் எழுத்தறிவுச் சோதனையையும் தலைவரியையும் வாக்குரிமைக்கு நிபந்தனையாக்கியது. 1867இன் தொடக்கத்தில் வாக்குரிமை பெற்றிருந்தோரின் வழித்தோன்றல்கட்கு மட்டும் அச்சோதனையினின்றும் சில ஆண்டுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பாட்டன் அடிமையாயிருந்த குற்றத்திற்குப் பேரன் வாக்கிழந்தான். வைற் 1901இல், தம் மக்கள் ஒருநாள் மீண்டும் இம்மன்றம் புகுவர் என்று உரைத்து விடைபெற்றார். அந்நாள் வட கரோலைனாவிற்கு வர ஏறக்குறையத் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் சென்றன.

1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் இழந்த உரிமையை மீட்டுக்கொடுத்தது. எனினும், மாநிலமெங்கும் பரந்து வாழ்ந்த கறுப்பின மக்கள், வாக்களிக்கும் வயதினருள் ஐந்திலொரு பங்கினராயிருந்தும், தாம் விரும்பிய ஒருவரைக் காங்கிரசிற்கு அனுப்ப இயலாதிருந்தனர். 1990ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் பயனாக அம்மாநிலத்திற்குப் பன்னிரண்டாவது இடமொன்று கிடைத்தது. சட்டசபை முதலில் வகுத்த திட்டத்திலே கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதி ஒன்றே இருந்தது. நடுவணரசின் நீதித் திணைக்களம் அதனை ஏற்க மறுத்தது. ஆகவே, இரண்டாவதொன்றும் 1992இல் வகுக்கப்பட்டது. அதுவே பன்னிரண்டாந் தொகுதி.

அதன் வடிவமோ விந்தையானது. கஸ்ரோனியா முதல் டர்ஹாம் வரை, சார்லற், வின்ஸ்ரன்-சேலம், கிறீன்ஸ்போறோ ஆகிய நகரங்களின் பகுதிகளைக் கோத்துக்கொண்டு, 85ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ 160 மைல் நீண்டு கிடந்தது. சிலவிடங்களில் அதன் அகலம் அச்சாலையின் அகலமே. 1992ஆம் ஆண்டுத் தேர்தலில் இத்தொகுதியில் மெல் வாற் என்பாரும், முதலாந் தொகுதியில் ஈவா கிளேற்றன் என்னும் அம்மையாரும் வெற்றி பெற்றனர். வைற் கூறிய நாள் வந்தது.

ஆயின், டர்ஹாம் வாசிகள் ஐவர் வழக்குத் தொடுத்தனர். 1993இல் உயர் நீதிமன்றம், இனமொன்றையே அளவுகோலாகக் கொண்டு வரையப்பட்டதாகத் தோன்றும் தொகுதியை எதிர்த்து வழக்காட இடமுண்டு என ஐவர்க்கு நால்வராய்த் தீர்ப்பளித்தது. 1996இல் அத்தொகுதி செல்லாதென்று முடிவாயிற்று. மீண்டும் வரைந்தனர், மீண்டும் வழக்கு எழுந்தது. 1998ஆம் ஆண்டுத் தேர்தலிலே கறுப்பினத்தார் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினராயிருந்த தொகுதியிலும் வாற் வென்றார். 2001இல் உயர் நீதிமன்றம் புதிய எல்லையை ஏற்றது. கறுப்பின மக்களுள் மிகப் பெரும்பாலோர் சனநாயகக் கட்சிக்கே வாக்களிப்பதால், கோடு இனத்தை நோக்கியதோ கட்சியை நோக்கியதோ எனப் பிரித்தறிதல் எளிதன்று என்பதே அத்தீர்ப்பின் உட்கிடை.

அடுத்து நிகழ்ந்ததே நாம் ஊன்றிக் கற்கத்தக்கது. 2010இல் குடியரசுக் கட்சி சட்டசபையைக் கைப்பற்றியது. 2011இல் அக்கட்சியினர் பன்னிரண்டாந் தொகுதியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தாரின் பங்கை நூற்றுக்கு 43.8இலிருந்து 50.7 ஆக உயர்த்தினர். வாக்குரிமைச் சட்டத்திற்கு அமைந்தே செய்தோம் என்றனர். வென்றுகொண்டேயிருந்த மக்களுக்கு மேலும் வாக்குச் சேர்ப்பது உதவியாகுமோ? அவ்வாக்குகள் அயற்றொகுதிகளிலிருந்து உருவி எடுக்கப்பட்டவை. 2012ஆம் ஆண்டுத் தேர்தலிலே மாநிலம் முழுவதிலும் பாதிக்குச் சற்றுக் கூடிய வாக்குப் பெற்றும் சனநாயகக் கட்சிக்கு 13 இடங்களுள் 4 மட்டுமே கிடைத்தன. நாம் மேலே காட்டிய கணக்கில் ஐவரை ஓரிடத்தில் அடைத்த முறை இதுவே. 2017இல் உயர் நீதிமன்றம் இத்தொகுதியையும் செல்லாதெனத் தள்ளியது.

அதற்கு முன்னரே, கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பிற்கிணங்க, 2016இல் தொகுதி சார்லற் நகரைக் கொண்ட மெக்கிளென்பேர்க் கவுண்டிக்குள் ஒடுக்கப்பட்டிருந்தது. 2014இல் வாற்றின் இடத்திற்குத் தெரிவான அல்மா அடம்ஸ் அம்மையார் கிறீன்ஸ்போறோவைச் சேர்ந்தவர். அவரது ஊர் தொகுதிக்கு வெளியே போயிற்று. அவர் சார்லற்றிலிருந்து போட்டியிட்டு வென்றார். தொகுதி இப்பொழுது செவ்வையான வடிவம் பெற்றது. ஆயின், அதே தேசப்படம் 13 இடங்களுள் 10 தம் கட்சிக்கு வருமாறு வரையப்பட்டதென அதனை வகுத்தோரே வெளிப்படையாகக் கூறினர். கட்சி நலங்கருதிய எல்லைப் பிரிப்பினை நடுவணரசு நீதிமன்றங்கள் விசாரித்தல் இயலாதென 2019இல் உயர் நீதிமன்றம் ஐவர்க்கு நால்வராய்க் கைவிரித்தது.

இவ்வரலாற்றினின்றும் நாம் பெறும் பாடம் யாது? கோணலான தொகுதி தீயது, நேரான தொகுதி நல்லது எனக் கொள்ளுதல் பேதைமை. 1992இல் கோணற்கோடு ஒரு மக்கட்குத் தொண்ணூறாண்டுகளாக இல்லாதிருந்த குரலைக் கொடுத்தது. 2011இல் அத்தகைய கோணற்கோடே அவர் வாக்கை அடைத்துவைக்கும் கூடாயிற்று. சிறுபான்மையோரை ஒருங்கு சேர்த்தல் வேறு. ஒதுக்கி அடைத்தல் வேறு. இரண்டும் தேசப்படத்தில் ஒன்றுபோலவே தோன்றும். ஆகலின், ஒரு தொகுதியைக் காண்பவர் அதன் வடிவை மட்டும் நோக்காது, வரைந்தவர் யார், அவர் எதற்காக வரைந்தார், அதனால் அயற்றொகுதிகளில் நேர்ந்தது யாது என்னும் மூன்றனையும் வினாவுதல் வேண்டும். வாக்களிக்கும் உரிமை பெற்றவுடன் குடிமகனின் கடமை முடிவதில்லை. அவ்வாக்கு எந்தக் கோட்டிற்குள் எண்ணப்படுகின்றதென அறிதலும் அவன் கடமையே என்பது எமது துணிபு.