சோர்வும் ஒரு நோய்தான்

எங்கள் படிப்பு வட்டத்துக்கு ஓர் அக்கா வருகிறார். புனேயில் கட்கி பகுதியில் குடியிருக்கிறார். நான்கு வீடுகளில் வேலை செய்து வந்தார்.

2021-ஆம் ஆண்டு அக்காவுக்குக் கொரோனா வந்தது. பத்து நாளில் காய்ச்சல் விட்டது. ஆனால் சோர்வு விடவில்லை. மாதங்கள் போயின. ஒரு நாள் குடத்தில் தண்ணீர் தூக்கினால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. இரவு முழுவதும் தூங்கினாலும் களைப்பு தீராது. சொன்னது மறந்து போகும். இரண்டு வீட்டு வேலை போய்விட்டது.

"படுத்தே கிடந்தால் அடுப்பு எரியுமா?" என்றார் மாமியார்.

அக்கா அழுதார். நான் சோம்பேறிதானோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

அக்கா சோம்பேறி அல்ல. சோம்பேறிக்கு வேலை செய்ய மனம் இருக்காது. அக்காவுக்கு மனம் இருந்தது. உடம்பில் தெம்பு இல்லை.

ஒரு நாள் நானும் மாமியாரும் அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் இரத்தம் சோதித்தார்.

"களைப்புக்குக் காரணம் பல உண்டு. இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, காசநோய், மனச்சோர்வு. இவற்றுக்கு மருந்து உண்டு. அதனால் முதலில் சோதிக்க வேண்டும்" என்றார்.

இரத்தசோகை நம் நாட்டில் மிக அதிகம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது.

அக்காவுக்கு இவை எதுவும் இல்லை.

"இது நாட்பட்ட களைப்பு நோய். ஆறு மாதத்துக்கு மேலும் நீடிக்கும். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி வரும். இதைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் சமாளிக்க வழி உண்டு" என்றார் மருத்துவர்.

"ஓடியாடி வேலை செய்தால் சரியாகிவிடாதா, டாக்டரம்மா?" என்று மாமியார் கேட்டார்.

"இல்லை அம்மா. இந்த நோயில் முடியாதபோது உழைத்தால் நோய் கூடும். உங்கள் மருமகளின் கையில் ஒரு நாளைக்கு நூறு ரூபாய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றைம்பது செலவழித்தால் கடன். கடனுக்கு வட்டி உண்டு. மறுநாள் படுக்கைதான் அந்த வட்டி."

மாமியாருக்குக் கடனும் வட்டியும் தெரியும். பேசாமல் தலையாட்டினார்.

மருத்துவர் சொன்ன வழிகள்:

1. களைப்பு வருவதற்கு முன்பே ஓய்வு எடுங்கள்.
2. உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையை உட்கார்ந்தே செய்யுங்கள்.
3. தெம்பாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் சேர்த்துச் செய்யாதீர்கள்.
4. செய்த வேலையையும் மறுநாள் உடம்பு இருந்த நிலையையும் எழுதி வையுங்கள்.

அக்காவுக்கு எழுதத் தெரியும். வட்டத்தில் கற்றதுதான். தினமும் நோட்டில் இரண்டு வரி எழுதினார். ஒரு மாதம் கழித்துப் படித்துப் பார்த்தோம். துணி துவைத்த மறுநாள் எல்லாம் 'படுக்கை' என்று இருந்தது. அதன் பிறகு துணியை மூன்று நாளாகப் பிரித்துத் துவைத்தார். குடத்தை மாமியார் எடுத்துக்கொண்டார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இன்று அக்கா இரண்டு வீட்டு வேலை செய்கிறார். பழைய தெம்பு முழுதும் வரவில்லை. படுக்கையில் கிடக்கும் நாட்கள் குறைந்துவிட்டன.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அறிவீர்களா? 1820 மே 12-இல் பிறந்தவர். போரில் காயம்பட்ட வீரர்களுக்குச் சேவை செய்தார். 1855-இல் அங்கே கடும் காய்ச்சல் கண்டது. பிறகு பல ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். படுக்கையிலிருந்தே நூல்களும் கடிதங்களும் எழுதினார். நம் கிராமங்களின் சுகாதாரம் பற்றிப் புனே சார்வஜனிக் சபாவுக்கும் எழுதினார். அவரை யாராவது சோம்பேறி என்பார்களா? அவர் பிறந்த நாளான மே 12-ஐ நாட்பட்ட களைப்பு நோய் விழிப்புணர்வு நாளாகப் பல நாடுகளில் கடைப்பிடிக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் எப்போதும் களைத்துக் கிடக்கிறாரா? திட்டாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

சிந்திப்போம், எழுதுவோம்

1. சோம்பலுக்கும் நோய்க் களைப்புக்கும் என்ன வேறுபாடு?
2. நோட்டில் எழுதியது அக்காவுக்கு எப்படி உதவியது?
3. உங்கள் வீட்டில் யாருடைய வேலையை நீங்கள் பகிர்ந்துகொள்ளலாம்?