பக்கவாதமும் பக்கத்து வீட்டாரும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் நரம்பு மண்டலம் என்னும் பாடத்தை நாம் படிக்கிறோம். பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று படம் வரைந்து பாகங்களைக் குறிக்கிறோம், மதிப்பெண்ணும் பெறுகிறோம். அந்த மூளையில் ஒரு சிறிய இரத்தக்குழாய் பழுதுபட்டால் ஒரு வீடு முழுவதுமே எவ்வாறு நிலைகுலைகிறது என்பது பாடநூலில் இல்லை. ‘அவருக்கு வாதம் அடித்துவிட்டதாம்’ என்று தெருவில் பேசிக்கொள்ளும்போதுதான் அது நமக்குத் தெரிய வருகிறது. அவ்வாறு படுத்தவர் மீண்டும் எழுந்து நடப்பதற்கும் பேசுவதற்கும் யாருடைய துணை வேண்டும் என்பதை இங்குச் சிறிது ஆராய்வோம்.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயை ஓர் இரத்தக்கட்டி அடைத்துக்கொள்வதாலோ, குழாய் வெடித்து இரத்தம் கசிவதாலோ மூளையின் ஒரு பகுதி மடிந்துவிடுகிறது. இதுவே பக்கவாதம். பெரும்பாலானவை அடைப்பினால் வருபவை. மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தை ஆள்கிறது. பேச்சுக்குரிய இடமும் மிகப் பலருக்கு இடப்பாதியிலேயே அமைந்துள்ளது. இதனை 1860களில் பிரெஞ்சு மருத்துவர் பால் பிரோக்கா எடுத்துக்காட்டினார். ஆகவே வலக்கையும் வலக்காலும் விழுந்தவர்களில் பலருக்கு நாவும் எழுவதில்லை. அறிவு மங்கிவிட்டது என்று வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். அது சரியன்று. சொல்ல வேண்டிய கருத்து உள்ளே இருக்கிறது. அதற்குரிய சொல்தான் அகப்படுவதில்லை.

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திருப்பதால் கெடும் கேடு பெரிது. இது மருத்துவர்கள் பார்த்துக்கொள்ளும் பகுதி. நாம் கூற வந்தது அதற்குப் பின்னால் வரும் நீண்ட நாட்களைப்பற்றி.

முதல் வாரத்தில் வீடு கொள்ளாத கூட்டம். ஆப்பிளும் ஹார்லிக்சும் மேசையில் குவிகின்றன. இரண்டாம் மாதத்தில் வருவோர் குறைகின்றனர். நான்காம் மாதத்தில் நோயாளியும் அவரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருமே மிஞ்சுகின்றனர். அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோதான். பயிற்சியோ தினந்தோறும் ஒன்றே: விரலை மடக்கு, நீட்டு, காலைத் தூக்கு, வை. நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. பக்கவாதம் கண்டவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் மனச்சோர்வுக்கு உள்ளாகின்றனர் என்று மருத்துவர்கள் கணக்கிட்டுள்ளனர். ‘எதற்கு இனி?’ என்று அவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ நாம் ஏசக்கூடாது. அதுவும் நோயின் ஒரு பகுதி. மருத்துவரிடம் சொல்ல வேண்டியது.

இதற்கு என்ன வழி? இங்கிலாந்து நாட்டின் ஒரு சிற்றூரில் நடந்ததைப் பார்ப்போம்.

பட்ரீஷியா நீல் அம்மையார் அமெரிக்க நடிகை. 1963-ல் வெளிவந்த ‘ஹட்’ என்னும் படத்தில் நடித்ததற்காக ஆஸ்கார் பரிசு பெற்றவர். அவருடைய கணவர் ரோல்ட் டால், ‘சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்’ என்னும் கதையை எழுதியவர். நம்மில் பலர் அந்நூலைப் படித்திருப்போம். 1965 பிப்ரவரியில், 39 வயதில், அம்மையார் கருவுற்றிருந்த வேளையில், மூளையின் இரத்தக்குழாய் வெடித்து விழுந்தார். கலிபோர்னியாவில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று வாரங்கள் நினைவின்றிக் கிடந்தார். அவர் இறந்துவிட்டதாகவே ஒரு பத்திரிகை செய்தி வெளியிட்டது. கண் விழித்தபோது வலப்பக்கம் செயலற்றிருந்தது; பேச்சு இல்லை; பார்வையிலும் குறை. தன் குழந்தைகளின் பெயரைக்கூடச் சொல்ல முடியாத நிலை. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருக்கு நலமுள்ள ஒரு பெண் குழந்தை பிறந்தது என்பது வியப்பிற்குரியது.

கிரேட் மிசென்டன் என்னும் தம் ஊருக்குத் திரும்பியபின் டால் ஒரு கணக்குப் போட்டார். மருத்துவமனை தரும் பயிற்சி ஒரு நாளில் மிகக் குறைந்த நேரமே. மீதி நேரமெல்லாம் நோயாளி சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூளை எங்ஙனம் கற்கும்? எனவே அவர் நண்பர்களையும் அண்டை வீட்டாரையும் அழைத்து, ஆளுக்கு ஒரு மணி நேரம் வகுத்துக் கொடுத்தார். நாள்தோறும் ஆறு மணி நேரம் யாராவது ஒருவர் வந்து, அம்மையாரோடு வாசித்தும், எழுதச் செய்தும், கணக்குப் போட வைத்தும், சொல் விளையாட்டு விளையாடியும் சென்றனர். நம் பள்ளி நேர அட்டவணை போலவே என்று நினைத்துக்கொள்ளலாம், மணியடிக்கத்தான் ஆளில்லை!

இவர்களில் ஒருவரும் மருத்துவம் பயின்றவர் அல்லர். இதில்தான் அந்த ஏற்பாட்டின் அழகு இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. ஒருவரே ஆறு மணி நேரம் இருந்தால் பத்தே நாளில் சலித்துப் போவார். ஆறு பேர் ஆளுக்கொரு மணி என்றால் மாதக்கணக்கில் நடத்தலாம். நோயாளிக்கும், ‘பத்து மணிக்கு இன்னார் வருவார், தலை வாரிக்கொள்ள வேண்டும்’ என்று எதிர்பார்க்க ஒன்று இருக்கிறது. அழுதுவிட்டுப் போகிறவர் நூறு பேரைவிட, வேலை கொடுத்துவிட்டுப் போகிறவர் ஒருவரே அவருக்கு வேண்டும்.

டால் கண்டிப்பானவர். வேண்டிய பொருளின் பெயரைச் சொன்னால்தான் கொடுப்பார். அம்மையாருக்குக் கோபமும் வெறுப்பும் பல முறை வந்தன. அனைத்தையும் விட்டுவிடவும் எண்ணினார். நம் வீட்டில் பாட்டி தண்ணீர் கேட்க முடியாமல் தவிக்கும்போது அவ்வாறு காத்திருக்க நமக்கு மனம் வருமா? வராது என்றே நினைக்கிறோம். எல்லாருக்கும் அந்தக் கண்டிப்பு பொருந்தும் என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் பாதிச் சொல்லை நாமே முடித்துக் கொடுத்துவிடும் பழக்கம் உதவியாகாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பின்னர் வேலரி ஈட்டன் கிரிஃபித் என்னும் பெண்மணி இப்பணியைப் பெரும்பாலும் தாமே ஏற்று, நாள்தோறும் பாடம் நடத்தினார். 1967-ல் அம்மையார் நியூயார்க்கில் ஒரு பெரும் கூட்டத்தின் முன் நின்று சொற்பொழிவாற்றினார். 1968-ல் மீண்டும் திரைப்படத்தில் நடித்தார். வசனத்தை நினைவில் வைப்பது பெரும்பாடாக இருந்தும், அப்படத்திற்காக அவர் பெயர் ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. நோய் வந்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கிரிஃபித் அம்மையார் தாம் செய்ததை 1970-ல் ஒரு நூலாக எழுதினார். அந்த முறையைப் பின்பற்றி, 1970களில் இங்கிலாந்தில் தொண்டர்கள் பேச்சிழந்தோர் இல்லங்களுக்குச் செல்லும் திட்டமும் தோன்றியது.

‘ஆறு மாதத்தில் தேறாதது அதன் பின் தேறாது’ என்று பெரியவர்கள் சிலர் கூறக் கேட்கிறோம். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் விரைவு என்பது உண்மை. அத்தோடு கதவு அடைபடுவதில்லை. மடிந்த செல்கள் பிழைப்பதில்லை. ஆனால் மிஞ்சிய பகுதிகள் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியால் அந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன. நியூயார்க்கில் பேராசிரியராக இருந்த பெத்ரோ பாக்-இ-ரீட்டா வாதத்தால் விழுந்தபோது, மருத்துவ மாணவரான அவர் மகன், குழந்தைக்குக் கற்பிப்பது போலச் சுவரோரமாகத் தவழவும், பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றித் துடைக்கவும் பழக்கினார். தந்தை மீண்டும் கல்லூரிக்குச் சென்று பாடம் நடத்தினார். சில ஆண்டுகள் கழித்து மலையேறும்போது மாரடைப்பால் இறந்தார். மூளையைப் பரிசோதித்தபோது, பழைய சேதம் பெரிய அளவில் அப்படியே இருந்தது!

இன்னொரு செய்தி. வாதம் கண்ட கை சற்று அசைந்தாலும், நல்ல கையாலேயே எல்லாம் செய்துவிடுவதால் அது அறவே மறந்துபோகிறது. எட்வர்ட் டாப் என்னும் அறிஞர், நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, நலிந்த கையாலேயே வேலை செய்ய வைக்கும் முறையை வகுத்தார். நோய் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேரிடம் இரண்டு வாரம் இதனைச் சோதித்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது; கையின் திறன் கூடியிருந்தது. இதை மருத்துவர் அல்லது பிசியோதெரபி நிபுணர் சொல்லாமல் நாமாகச் செய்யக்கூடாது.

நம்மால் ஆவது வேறு உண்டு. பேச முடியாத பலரால் பாட முடியும். ஒன்று முதல் பத்து வரை எண்ணவும், கிழமைகளைச் சொல்லவும், சிறு வயது முதல் சொல்லிவந்த செபமாலையைத் தொடரவும் முடிகிறது. ஆகையால் மாலையில் அரைமணி நேரம் பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து அவருக்குத் தெரிந்த பாட்டைச் சேர்ந்து பாடலாம். செய்தித்தாள் தலைப்பை வாசித்து, அவர் சொல்லும் வரை பொறுத்திருக்கலாம். பட்டாணி உரிப்பதைப் பகிர்ந்து கொடுக்கலாம். சென்ற மாதம் எத்தனை அடி நடந்தார் என்று நாட்காட்டியில் குறித்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் அவருக்கே தெரியும். அந்த அரைமணியில் அம்மா சற்றுப் படுக்கலாம்; அவருக்கும் துணை வேண்டுமல்லவா?

பட்ரீஷியா நீல் அம்மையார் 2010-ல், தம் 84-ஆம் வயதில் காலமானார். அவர் இளமையில் வாழ்ந்த அமெரிக்க நகரமாகிய நாக்ஸ்வில்லில், வாதநோயாளிகளுக்கான மறுவாழ்வு மையம் ஒன்று 1978-ல் அவர் பெயரால் திறக்கப்பட்டது. திரைப்படப் பணிகளுக்கிடையிலும் அவர் அங்கு அடிக்கடி சென்று, நோயாளிகளைக் கண்டு ஊக்கமூட்டி வந்தார்.